முயலுக்குப் புல்லே சோறு

தூத்துக்குடித் துறைமுகத்தை அடுத்த கடற்கரைக்கு முயல் தீவு என்று பெயர். மண்டபம் பகுதியில் மன்னார் வளைகுடாவில் உள்ள தீவு ஒன்றுக்கும் முசல் தீவு என்றே பெயர். பெயரில் முயல் இருந்தாலும், முயலைக் கூண்டில் வைத்து வளர்ப்பது இந்தக் கரையின் பழைய வழக்கமன்று. ஆடும் மாடும் கோழியுமே இங்குள்ள விவசாயிகளுக்குப் பழகிய கால்நடைகள். இப்போது பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று ஒரு ஜோடி முயல் வாங்கி வீட்டில் விடுவோர் நகரத்திலும் உண்டு, கிராமத்திலும் உண்டு.

வாங்கிய முயல் பல வீடுகளில் நீண்ட நாள் தங்குவதில்லை. "நேற்று மாலை வரை நன்றாகத் தின்றது, காலையில் பார்த்தால் செத்துக் கிடந்தது" என்று சொல்வார்கள். பிள்ளைகள் இரண்டு நாள் சாப்பிடாமல் அழும். கண் பட்டுவிட்டது என்பார் ஒருவர். கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்பார் மற்றொருவர். ஆனால் முன்தினம் அந்த முயலுக்கு என்னென்ன கொடுத்தார்கள் என்று விசாரித்தால் பெரும்பாலும் காரணம் வெளிப்பட்டுவிடும். பழைய சோறு, பிஸ்கட், ரொட்டித் துண்டு, முழுக் காரட், கோழிக்கு வைத்த குருணை என்று பட்டியல் நீளும். பசியால் சாகும் வீட்டு முயலைவிடப் பாசத்தால் சாகும் முயலே அதிகம் எனலாம்.

முயலின் வயிறு

முயலுக்கு ஆடு, மாடுகளைப் போல நான்கு அறை வயிறு இல்லை. அசை போடுவதும் இல்லை. தின்ற புல் இரைப்பையையும் சிறுகுடலையும் கடந்து, பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பெரிய பை போன்ற குடல்வாய்க்குப் போகிறது. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லின் நார்ச்சத்தைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. இதில் உண்டாகும் மென்மையான எச்சத்தை முயல் இரவிலோ விடியற்காலையிலோ தன் ஆசனவாயிலிருந்தே நேராக எடுத்துத் தின்றுவிடும். இதைக் கண்டு அருவருப்பு அடைய வேண்டியதில்லை. அதில் புரதமும் பி வைட்டமின்களும் உள்ளன. அதைத் தின்னாவிட்டால்தான் முயல் நலிந்து போகும்.

இந்தக் குடல் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அதை அசைய வைப்பது நார்ச்சத்து. நார் குறைந்து, மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்தால் நல்ல நுண்ணுயிர்கள் குறைந்து கெட்டவை பெருகும். வயிறு உப்பும், குடல் நின்றுபோகும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போன கெடுதல் வெளியே வர வழியில்லாமல் ஒரே நாளில் உயிர் போய்விடும்.

பல்லுக்கும் புல்லே காவல். முயலின் முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளர்கின்றன. கடைவாய்ப் பற்களும் வாழ்நாள் முழுவதும் வளரும். நீளமான புல்லை மணிக்கணக்கில் மென்றால்தான் அவை தேயும். மென்மையான தீனியே தின்று வந்தால் பல் நீண்டு வாயைக் குத்தும். எதிரே புல் இருந்தும் முயல் பட்டினி கிடக்கும்.

ஆகவே இதை மனத்தில் வைத்தால் போதும்: முயலுக்குப் புல்லே சோறு. கீரை அதற்குக் கறி. பழமும் தீவனமும் இலையோரத்து ஊறுகாய். ஊறுகாயைச் சோறாகப் பரிமாறக் கூடாது.

பண்ணைக் கணக்கு வேறு

முயல் வளர்ப்பைப் பற்றித் தமிழில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை இறைச்சி முயலுக்கானவை. நீலகிரியில் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையமும், கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையமும் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களை விவசாயிகளிடையே பரப்பின. பண்ணையில் குட்டி மூன்று மாதத்தில் இரண்டு கிலோ அளவுக்கு எடை ஏறி விற்பனைக்குப் போக வேண்டும். அதற்காகத் தானியமும் பிண்ணாக்கும் தவிடும் சேர்த்த அடர் தீவனத்தை அங்கே தாராளமாகக் கொடுக்கிறார்கள். அந்தத் தொழிலுக்கு அது சரி.

வீட்டு முயல் மூன்று மாதத்தில் விற்பனைக்குப் போவதன்று. நல்ல முறையில் வைத்திருந்தால் எட்டு முதல் பத்து ஆண்டு உயிர் வாழும். அதற்குப் பண்ணை அளவில் அடர் தீவனம் போட்டால் கொழுப்பு ஏறும். தன் உடலைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ள முடியாமல், பின்புறத்தில் எச்சம் ஒட்டி ஈ மொய்த்துப் புழு வைக்கும். வளர்ந்த வீட்டு முயலுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் குச்சித் தீவனம் ஒரு நாளைக்குப் போதுமானது. பல வகைப் புல்லும் கீரையும் நாள்தோறும் கிடைக்கும் தோட்டத்து வீட்டில் இதையும் குறைக்கலாம். வளரும் குட்டிக்கும் சினை முயலுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் மட்டும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

புல் எங்கே கிடைக்கும்?

பெருநகரங்களில் முயல் வளர்ப்போர் குளிர் நாடுகளில் விளையும் டிமோத்தி என்ற உலர்புல்லைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்து விவசாயிக்கு அந்தச் செலவு தேவையில்லை. அவர் வரப்பிலேயே தீவனம் இருக்கிறது.

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் பகுதிகளின் மானாவாரி நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லும் அறுகும் உண்டு. இரண்டும் முயலுக்கு மிக உகந்தவை. உளுந்து, பாசிப்பயறு அறுவடையானதும் கிடைக்கும் கொடியை நன்கு உலர்த்திப் புல்லோடு சிறிது கலந்து கொடுக்கலாம். தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் பகுதிகளில் வாய்க்கால் கரைப் புல்லோடு வாழை இலையும் தாராளமாகக் கிடைக்கும். கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் ஒரு பாத்தி கினியாப் புல் நட்டுவிட்டால் இரண்டு மூன்று முயலுக்கு ஆண்டு முழுவதும் பச்சை இருக்கும். உடன்குடி, சாத்தான்குளம் தேரிப் பகுதியில் புல் குறைவு. அங்கே கிணற்றடியிலும் தென்னை மூட்டிலும் தண்ணீர் பாயும் இடத்தில் அறுகை வளர விடலாம்.

இரண்டு கிலோ எடையுள்ள முயலுக்கு ஒரு நாளைக்கு 300 முதல் 400 கிராம் பச்சைப் புல், அல்லது சுமார் 100 கிராம் உலர்ந்த புல் தேவை. உலர்ந்த புல் கூண்டில் எப்போதும் இருக்க வேண்டும். கூடுதலாகப் போட்டாலும் கெடுதி இல்லை.

புல் அறுக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். லாரிகள் ஓயாமல் போகும் சாலையோரத்தில் புகையும் தூசியும் படிந்திருக்கும். நாய் கழிக்கும் இடத்துப் புல் வழியாக நாடாப்புழுவின் முட்டை முயலுக்குள் போகும். பூச்சிமருந்து அடித்த மிளகாய், பருத்தி வயல்களின் வரப்பும், குருணை மருந்து இட்ட வாழைத் தோட்டமும் கூடாது. பக்கத்து வயலில் மருந்து அடித்திருந்தாலும் காற்று எந்தப் பக்கம் வீசியது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அறுப்பது நல்லது.

தை மாதத்தில் சேமிப்பு

இந்த மாவட்டத்துக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். தை வரை வரப்பு பச்சையாக இருக்கும். பங்குனியில் காய்ந்துவிடும். ஆவணி வரை பச்சைக்குத் தட்டுப்பாடுதான். அந்த ஆறு மாதத்தைக் கடத்தத் தை மாதத்திலேயே உலர்புல் சேர்த்து வைக்க வேண்டும். ஒரு முயலுக்கு 20 கிலோ உலர்புல் இருந்தால் ஆறு மாதம் தாராளமாகக் கழியும். அதற்கு 70 முதல் 80 கிலோ பச்சைப் புல் வேண்டியிருக்கும்.

புல் பூ எடுக்கும் தருணத்தில், பனி உலர்ந்த பிறகு அறுக்க வேண்டும். களத்தில் மெல்லிய பரப்பாக விரித்து ஒரு நாள் வெயிலிலும், பிறகு இரண்டு நாள் காற்றோட்டமான நிழலிலும் புரட்டிப் புரட்டி உலர்த்தலாம். முழுக்க வெயிலிலேயே போட்டால் நிறமும் மணமும் போய் வைக்கோல் போலாகிவிடும். கையில் முறுக்கினால் ஈரம் தெரியக் கூடாது; தண்டு சடக்கென ஒடிய வேண்டும். அதுவே பதம். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். எனவே தரையில் போடாமல் பரண் மீதோ பலகை மீதோ அடுக்கி, மாதம் ஒரு முறை பிரித்துப் பார்க்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த புல்லையும் முக்கல் வாடை வீசும் கடலைக் கொடியையும் எருக்குழியில் கொட்டிவிட வேண்டும். பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கில் உண்டாகும் அப்ளடாக்சின் என்ற நஞ்சை முயலால் சிறிதும் தாங்க முடியாது.

கீரையில் அளவு

இரண்டு கிலோ முயலுக்கு நாளொன்றுக்கு இரண்டு கைப்பிடி கீரை போதும். ஒரே கீரையைத் தொடர்ந்து கொடுக்காமல் இரண்டு மூன்று வகையை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். கொத்தமல்லி, புதினா, காரட் தழை, முள்ளங்கித் தழை, சர்க்கரைவள்ளிக் கொடி, செம்பருத்தி இலையும் பூவும், வரப்பில் தானாக முளைக்கும் கிணற்றடிப் பூண்டு ஆகியவை நல்லவை.

முருங்கையும் அகத்தியும் சத்தானவைதான். ஆனால் இரண்டிலும் சுண்ணாம்புச் சத்து மிகுதி. முயலின் உடல் தீனியில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பெருமளவு உறிஞ்சிக்கொண்டு, தேவைக்கு மிஞ்சியதைச் சிறுநீரில் தள்ளுகிறது. அளவு மீறினால் சிறுநீர்ப்பையில் சேறு போலத் தங்கி, கல்லாகவும் ஆகும். முருங்கைத் தோப்பு உள்ளவர்கள் தினமும் ஒரு கட்டு போடுவதை விட்டு, வாரம் இரண்டு நாள் ஒரு கொத்து கொடுப்பது நலம். குதிரை மசால், வேலி மசால், முயல் மசால் ஆகியவற்றுக்கும் இதே விதி பொருந்தும். பெயரில் முயல் இருந்தாலும் முயல் மசால் குட்டிக்கும் பால் தரும் தாய்க்கும்தான் ஏற்றது; வளர்ந்த வீட்டு முயலுக்கு அது விருந்து, அன்றாடச் சாப்பாடு அன்று. சூபாபுல் இலையில் உள்ள மைமோசின் என்ற பொருள் உரோமம் உதிரச் செய்யும். அதைத் தவிர்ப்பது நல்லது.

சிப்பிகளுக்குப் பெயர்போன கரை இது. முத்துக் குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனாலும், சிப்பித் தூளைக் கோழிக்குப் போடும் பழக்கம் உண்டு. கோழிக்கு முட்டை ஓடு கட்ட அது உதவும். அதே தூளை முயலுக்கும் போட்டால் மேலே சொன்ன சிறுநீர்த் தொல்லைதான் மிஞ்சும்.

அரைக்கீரை, தண்டுக்கீரை, பசலை ஆகியவற்றில் ஆக்சாலிக் அமிலம் உள்ளதால் வாரம் ஓரிரு நாள் போதும். முட்டைக்கோஸ் இலை சில முயல்களுக்கு வாயுவை உண்டாக்கும். புதிய கீரை எதுவானாலும் முதல் நாள் ஓர் இலை மட்டும் கொடுத்து, எச்சம் இளகாமல் இருந்தால் மெல்லக் கூட்ட வேண்டும். அறுத்த கீரையைச் சாக்கில் அமுக்கி வைத்தால் சூடேறிப் புளித்துவிடும். அதைப் போட்டால் கழிச்சல் நிச்சயம்.

ஆசைக்கு என்ன கொடுக்கலாம்?

பிள்ளைகள் கையால் ஏதாவது கொடுக்க ஆசைப்படுவார்கள். அதைத் தடுக்க வேண்டாம். கொடுப்பதை மாற்றினால் போதும். ஒரு புதினாக் கொத்து, ஒரு செம்பருத்திப் பூ, மருந்து அடிக்காத ரோஜா இதழ், கிழித்த வாழை இலைத் துண்டு ஆகியவற்றை முயல் துள்ளி வந்து வாங்கும். கொய்யாக் குச்சியும் மல்பெரிக் குச்சியும் கடிக்க நல்லவை. சாயம் ஏற்றாத சிறிய பனை ஓலைப் பெட்டிக்குள் உலர்புல்லைத் திணித்துக் கூண்டில் போட்டால், பெட்டியைக் கடித்துப் புல்லை இழுத்து அரை நாள் விளையாடும். பல்லும் தேயும், பொழுதும் போகும்.

பழம் கொடுப்பதானால் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி அளவுக்கு மேல் வேண்டாம். அதுவும் வாரம் இரண்டு நாள் போதும். பப்பாளி, கொய்யா, விதை நீக்கிய ஆப்பிள், ஒரு வில்லை வாழைப்பழம் ஆகியவை ஏற்றவை. காரட்டும் பழக் கணக்கில்தான் சேரும். படங்களில் முயல் எப்போதும் காரட் கடித்துக்கொண்டிருக்கும். உண்மையில் காரட் கிழங்கில் இனிப்பு அதிகம். ஒரு விரல்கணு அளவு துண்டு போதும்; அதன் தழைதான் முயலுக்கு நல்லது.

தூத்துக்குடி மக்ரூன், உடன்குடிக் கருப்பட்டி, பிஸ்கட், மிக்சர், சோறு, இட்லி, தோசை, ரொட்டி, வேர்க்கடலை, பனங்கிழங்கு எதுவும் முயலுக்கு வேண்டாம். விருந்தாளிகள் வரும் நாளில் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையைக் காவல் வைத்தாலும் தப்பில்லை.

தொடவே கூடாதவை

எருக்கு, அரளி, ஊமத்தை, ஆமணக்கு, காட்டாமணக்கு, உன்னிச்செடி ஆகியவை நஞ்சு. மரவள்ளி இலையிலும் இளம் சோளப் பயிரிலும் மாட்டையே சாய்க்கும் நச்சு அமிலம் உண்டு. அவற்றை முயலுக்குப் போடக் கூடாது. தக்காளிச் செடி, உருளைக்கிழங்குச் செடி, வெங்காயம், பூண்டு ஆகியவையும் ஆகா. இந்த மாவட்டத்து மானாவாரியில் பயிராகி, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாடு போகும் நிலாவாரை என்ற சென்னா இலை பேதி மருந்துக்கு ஆவது. அது புல்லோடு கலந்து வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோழித் தீவனத்தையும் முயலுக்கு வைக்கக் கூடாது. கோழிகளின் இரத்தக் கழிச்சலைத் தடுக்க அதில் சேர்க்கப்படும் சில மருந்துகள் முயலுக்கு நஞ்சாகும்.

தண்ணீரும் வெயிலும்

பச்சை தின்னும் முயலுக்குத் தண்ணீர் வேண்டாம் என்பது தவறான எண்ணம். கிலோ எடைக்கு 100 மில்லி வரையில் தண்ணீர் குடிக்கும். கோடையில் இன்னும் கூடும். உப்பளத்தை ஒட்டிய ஊர்களில் கிணற்றுநீர் உவர்ப்பாக இருக்கும். வீட்டார் குடிக்கும் தண்ணீரையே முயலுக்கும் வைக்க வேண்டும். கவிழாத மண்சட்டி நல்லது, தண்ணீரும் குளிர்ந்திருக்கும்.

வெப்பம் 30 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் முயல் தவிக்கும். காதுகள் வழியாகவே பெருமளவு சூட்டை வெளியேற்றுகிறது. பகலில் தீனி குறைவாகத்தான் இறங்கும். எனவே கோடையில் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் தீனி வைக்க வேண்டும். கூண்டு ஓலைக் கூரையின் கீழ், வேப்பமர நிழலில் இருந்தால் நல்லது.

எச்சமே அடையாளம்

தினமும் காலையில் கூண்டின் அடியைப் பார்க்க வேண்டும். எச்சம் உருண்டையாக, உலர்ந்து, ஒரே அளவாக நிறைய இருந்தால் குடல் நலம். சிறுத்துப் போனாலும், ஒழுங்கற்று இருந்தாலும் நார் குறைந்துவிட்டது என்று அறியலாம். அன்றே பழத்தையும் தீவனத்தையும் நிறுத்தி உலர்புல்லை மட்டும் வைக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் தீனி தின்னாமலும் எச்சம் போடாமலும் முதுகைக் குறுக்கி உட்கார்ந்திருந்தால் அது அவசரம். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடாமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். வீட்டில் மீந்த மாத்திரையைக் கரைத்து ஊற்றக் கூடாது. மனிதருக்கு நன்மை செய்யும் பென்சிலின், அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் வாய்வழியாகப் போனால் முயலின் குடலைக் கெடுத்துக் கொன்றுவிடும். திருநெல்வேலியை அடுத்த ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியை இம்மாவட்டத்து விவசாயிகளும் அணுகலாம்.

காட்டு முயலைத் தொட வேண்டாம்

உளுந்து பிடுங்கும்போதோ கம்பு அறுக்கும்போதோ வயலில் காட்டு முயல் குட்டி கண்ணில் படுவதுண்டு. தாய் விட்டுவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகள் வீட்டுக்குத் தூக்கி வருவார்கள். தாய் விட்டுப் போகவில்லை. பகலில் குட்டியை மறைவில் விட்டு, இருட்டியதும் வந்து பால் கொடுப்பது அதன் இயல்பு. வீட்டு முயல் ஐரோப்பிய இனத்திலிருந்து வந்தது. நம் காட்டு முயல் வேறு இனம். பசும்பால் ஊற்றிப் பிழைக்க வைப்பது அரிது. மேலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு அந்த மூலையைக் கடைசியாக அறுப்பதே சரி.

வீட்டு முயலுக்குத் தேவையானவை கொஞ்சம்தான். கை நிறையப் புல், ஒரு கைப்பிடி கீரை, ஒரு சட்டி நல்ல தண்ணீர், ஓர் ஓலை நிழல். இவற்றில் பெரும்பகுதி விவசாயி வீட்டில் காசில்லாமல் கிடைப்பவை. கூண்டடியில் சேரும் எச்சம் காய்கறிப் பாத்திக்கு நல்ல எருவாகும். அதில் விளையும் கீரை மறுபடி முயலுக்கே வரும். தை மாதத்தில் நான்கு கட்டுப் புல்லை உலர்த்திப் பரணில் ஏற்றும் வீட்டில், சித்திரை வெயிலிலும் பிள்ளைகளின் முயல் துள்ளிக்கொண்டிருக்கும்.